பொற்கொல்லர் கரையில் போலீஸ்

1947 அக்டோபரில் பாரிஸ் திரையரங்குகளுக்கு ஒரு துப்பறியும் படம் வந்தது. இயக்கியவர் ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ. படத்தின் பெயர் ‘கே தெ ஸோர்ஃபெவ்ர்’. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் ‘பொற்கொல்லர்களின் ஆற்றங்கரை’. படம் முழுவதும் தேடினாலும் ஒரு பொற்கொல்லர் அகப்பட மாட்டார். உலையும் இல்லை, உரைகல்லும் இல்லை. ஒரு பாடகி, அவளுக்குப் பியானோ வாசிக்கும் கணவன், ஒரு புகைப்படக்காரி, கொலையுண்டு கிடக்கும் ஒரு பணக்காரக் கிழவர், வேலையில் களைத்துப்போன ஓர் இன்ஸ்பெக்டர், இவர்களே கதை மாந்தர். ஆனாலும் தலைப்பைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர் யாரும் குழம்பவில்லை. சுவரொட்டியைக் கண்டவுடனேயே இது போலீஸ் கதை என்று அவர்களுக்கு விளங்கிவிட்டது.

நம் இலக்கணக்காரர்கள் இதற்கு ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்கள்: இடவாகுபெயர். ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரில் உள்ளவர்கள் சிரித்தார்கள். அப்படித்தான் ‘கே தெ ஸோர்ஃபெவ்ர் விசாரிக்கிறது’ என்றால் அந்தக் கரையில் அலுவலகம் வைத்திருந்த பாரிஸ் குற்றப் புலனாய்வுப் பிரிவு விசாரிக்கிறது என்று பொருள். இதோடு விட்டுவிடலாம்தான். ஆனால் இந்தப் பெயருக்குள் இரண்டு தொழில்கள், ஒன்றன்மேல் ஒன்றாகக் குடியேறி இருக்கின்றன. முதலில் இருந்தவர்கள் காலி செய்த பிறகும் பெயர்ப்பலகை மட்டும் மாறவில்லை. க்ளூஸோ தன் படத்துக்கு இந்தப் பெயரைத் தேர்ந்தபோது, போலீஸ் என்ற பிந்திய பொருளைத்தான் மனத்தில் வைத்திருப்பார். எனக்கோ அடியில் கிடக்கும் பழைய பொருளும் அந்தப் படத்துக்குப் பொருந்துவதாகவே படுகிறது. அதைச் சொல்லத்தான் பெயரைப் பிரித்துப் பார்க்கிறேன்.

‘கே’ என்பது ஆற்றையோ கடலையோ ஒட்டிக் கல்லால் கட்டிய கரை. படகு அணையவும் சரக்கு இறக்கவும் ஆனது. இது லத்தீன் வழி வந்த சொல் அன்று. ரோமானியர் வருவதற்கு முன் அந்த மண்ணில் பேசப்பட்ட கால் மொழியின் எச்சம். அடைப்பு, வேலி என்ற பொருளுடைய ‘காயோ’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. வடக்கே நார்மண்டிப் பக்கத்து வழக்கின் வழியாகப் பொதுப் பிரெஞ்சுக்கு வந்தது. ஆங்கிலத்தில் கப்பல்துறைக் கரைக்கு வழங்கும் ‘கீ’ என்ற சொல்லும் இதன் கிளைதான். வெள்ளத்துக்கு இட்ட வேலி என்று எண்ணிக்கொண்டால் பாரிஸின் கரைகளுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். சேன் ஆற்றை இருபுறமும் அடைத்து நிற்பவை அவை.

‘ஓர்ஃபெவ்ர்’ இன்னும் சுவையானது. லத்தீனில் ‘ஔரி ஃபாபெர்’: பொன்னின் கொல்லன். அது தேய்ந்து பழைய பிரெஞ்சில் ‘ஓர்ஃபெவ்ர்’ ஆயிற்று. ‘ஓர்’ என்றால் பொன், ‘ஃபெவ்ர்’ என்றால் கொல்லன். பொன் + கொல்லர் என்று நாம் கூட்டியிருக்கும் அதே கூட்டு. ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் கொல்லர் என்ற சொல் தனியாகவும் உயிரோடு இருக்கிறது. பிரெஞ்சில் ‘ஃபெவ்ர்’ தனித்து வழங்காமல் மறைந்துவிட்டது. இரும்படிப்பவருக்கு ‘ஃபோர்ழெரோன்’ என்ற வேறு சொல் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ‘ஃபெவ்ர்’ இரண்டு இடங்களில்தான் தப்பிப் பிழைத்தது. ஒன்று, ஓர்ஃபெவ்ர் என்ற இந்தக் கூட்டுச்சொல். மற்றது, குடும்பப் பெயர்கள். லெஃபெவ்ர் என்று பிரான்சில் எத்தனையோ குடும்பங்கள். தெற்கே போனால் அதுவே ஃபாப்ர், ஃபோர். எல்லாரும் எங்கோ ஒரு கொல்லுப்பட்டறையின் பேரப்பிள்ளைகள். சில லெஃபெவ்ர்கள் பெயரின் நடுவே ஒலிக்காத ஒரு ‘ப’கர எழுத்தையும் சேர்த்து எழுதுவார்கள். லத்தீன் ‘ஃபாபெர்’ நினைவாகப் பழைய எழுத்தர்கள் செருகிவைத்த எழுத்து அது.

பெயரின் நடுவில் ஒலிக்கும் ‘ஸ’கரத்தையும் சொல்லிவிட வேண்டும். ‘தெ’ என்ற பன்மைச் சொல்லின் கடைசி எழுத்து வழக்கமாக ஊமை. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் வாய் திறக்கும். புணர்ச்சி விதி படித்த நமக்கு இது வியப்பில்லை.

இனி இடத்துக்கு வருவோம். பாரிஸின் நடுவே சேன் ஆறு பிரிந்து கூடும் இடத்தில் சித்தே என்ற தீவு. நகரமே அங்கிருந்துதான் வளர்ந்தது. 7ஆம் நூற்றாண்டில், மன்னன் தகோபரின் அவையில் செல்வாக்கோடு இருந்த எலுவா என்ற பொற்கொல்லர் இத்தீவில் கன்னியர் மடம் ஒன்றை நிறுவினார். பின்னாளில் அவர் புனிதராகி, உலோகத்தில் கை வைக்கும் எல்லாத் தொழிலாளருக்கும் காவலரானார். தீவையும் வடகரையையும் இணைத்த ‘மாற்றுப் பாலம்’ என்பதன் மேல் நாணயம் மாற்றுவோரும் பொற்கொல்லரும் நூற்றாண்டுகளாகக் கடை வைத்திருந்தார்கள். 1621இல் அந்தப் பாலம் எரிந்துபோனது. தீவின் மேற்கு முனையிலோ அப்போது புது நகரமே எழுந்துகொண்டிருந்தது. 1607இல் புதுப்பாலம் கட்டி முடிந்தது. அதே காலத்தில் நான்காம் ஆன்ரி மன்னர் ஆணைப்படி முக்கோண வடிவச் சதுக்கம் ஒன்று உருவாகத் தொடங்கியது. சதுக்கத்தின் இருபுறமும் இரண்டு கரைகள். தென்கரையில் 17ஆம் நூற்றாண்டில் நகைக்கடைகள் வரிசையாக வந்து அமர்ந்தன. கரைக்குப் பெயரும் அமைந்தது.

சதுக்கத்தின் வடபுறத்துக் கரை எனக்கு மிகவும் பிடிக்கும். தீவின் பழைய அரண்மனைக் கடிகாரத்தை வைத்து அதற்குக் ‘கடிகாரக் கரை’ என்று பெயர். கண்ணாடி செய்வோர் நிறைந்ததால் ‘மூக்குக்கண்ணாடிக் கரை’ என்றும் சொன்னார்கள். வாடைக்காற்று நேரே அடிப்பதால் மக்கள் அதை ‘குளிரில் விறைத்தவர்களின் கரை’ என்றும் அழைத்தார்கள். மூன்று பெயருமே காரணப்பெயர்கள். கடிகாரம் இன்றும் இருப்பதால் அந்தப் பெயர் நிலைத்தது. மற்றவை வரலாற்று ஏடுகளுக்குப் போய்விட்டன. ஆனால் தென்கரைக்கு அந்த விதி செல்லவில்லை. காரணம் போன பிறகும் பெயர் தங்கியது.

அந்தக் காரணம் இருந்த காலத்தில் அங்கே தொழில் செய்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஃப்ரெதெரிக் ஸ்த்ராஸ். 1701இல் அல்சாஸில் பிறந்தவர். பாரிஸ் வந்து, இந்தக் கரையில் கடை நடத்தி, 1734இல் அரசரின் நகை வினைஞர் என்ற பட்டமும் பெற்றார். ஈயம் மிகுதியாகக் கலந்த கண்ணாடியைப் பட்டை தீட்டி, வைரம்போல் ஒளிர வைப்பது அவர் வித்தை. வைரம் என்று சொல்லி ஏமாற்றவில்லை; போலி என்று தெரிந்தே சீமாட்டிகள் வாங்கி அணிந்தார்கள். அவர் பெயரே அந்தக் கல்லுக்கும் பெயராகிவிட்டது. இன்றும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் மேடை உடையில் மின்னும் போலிக்கல்லுக்கு ‘ஸ்த்ராஸ்’ என்றே சொல்கிறார்கள். பொன்னுக்குப் பெயர்போன கரை, பொய்மணிக்கும் பெயர் கொடுத்தது. படத்தின் நாயகியைப் பற்றிப் பேசும்போது இவரை மறுபடியும் அழைக்க வேண்டியிருக்கும்.

பொற்கொல்லர் என்ற சொல்லுக்கு மொழியில் இன்னொரு வாழ்வையும் நாடகாசிரியர் மோலியேர் தந்தார். 1665இல் அரங்கேறிய ‘காதல் மருத்துவர்’ நாடகத்தில் மகளின் மனவாட்டம் தீர என்ன செய்யலாம் என்று ஒரு தந்தை அக்கம்பக்கத்தாரைக் கேட்கிறார். நகை வாங்கிக் கொடு என்கிறார் ழோஸ் என்ற ஒருவர். அவர் தொழிலே நகை செய்வது. தந்தை உடனே அதைச் சுட்டிக்காட்டுகிறார். அங்கிருந்து, தன் ஆதாயத்துக்காக யோசனை சொல்பவரை ‘இவர் பொற்கொல்லர்’ என்று சொல்லும் வழக்கு பரவியது. காலப்போக்கில் குத்தல் மங்கி, பாராட்டு மேலோங்கியது. இன்று ‘இந்த விஷயத்தில் அவர் ஓர்ஃபெவ்ர்’ என்றால், நுணுக்கம் தெரிந்தவர், கைதேர்ந்தவர் என்று அர்த்தம்.

போலீஸ் இங்கே வந்த கதை நெடியது. 1800இல் நெப்போலியன் பாரிஸ் நகரக் காவல் தலைமையகத்தை உருவாக்கியபோது, அதற்குக் கிடைத்த இடம் இந்தக் கரையிலிருந்து உள்ளே போகும் ஒரு குறுகிய சந்து. பெயர் எருசலேம் தெரு. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பாரிஸ் மக்கள் வாயில் போலீசுக்கு அதுவே ஆகுபெயர். பால்ஸாக் 1835இல் வெளியிட்ட ‘தந்தை கோரியோ’ நாவலில் ஒற்றனைக் குறிக்க எருசலேம் தெருக்காரன் என்றாலே போதுமாக இருக்கிறது. புண்ணிய நகரத்தின் பெயர், திருடனைத் துரத்துகிறவர்களுக்கும் ஒட்டுக்கேட்கிறவர்களுக்கும்! 1871 மே மாதம், பாரிஸ் கம்யூன் எழுச்சியின் கடைசி நாட்களில், அந்தக் கட்டடம் தீயில் அழிந்தது. நீதிமன்ற வளாகம் விரிந்தபோது தெருவும் மறைந்தது. தெரு இல்லாமல் போனதும் ஆகுபெயரும் அற்றுப்போனது.

தலைமையகம் தீவின் மறுபக்கத்துப் படைக் கொட்டடிக்கு மாறியது. கோழிச் சந்தை இருந்த இடத்தில் அந்தக் கொட்டடி எழுந்ததால்தான் பாரிஸ் போலீசுக்குக் ‘கோழிக்குஞ்சு’ என்று பட்டப்பெயர் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். நல்ல கதைதான், ஆனால் கொச்சைச் சொற்களுக்குச் சொல்லப்படும் பிறப்புக் கதைகள் பலவும் பின்னால் கட்டியவை என்பதால் இதை நான் கதையாகவே வைத்துக்கொள்கிறேன். நீதிமன்ற வளாகத்தின் தென்முகமாக, 1875க்கும் 1880க்கும் இடையில், பொற்கொல்லர் கரையில் புதிதாக ஒரு கட்டடம் எழுந்தது. கதவிலக்கம் 36. துப்பறியும் பிரிவு அங்கே குடியேறியது. 1913இல் அது குற்றப் புலனாய்வு இயக்ககமாகத் திருத்தி அமைக்கப்பட்டது. பிடிபட்டவனை வெளித்தெருவில் இறக்காமலே நீதிபதி முன் கொண்டு நிறுத்தும் அளவுக்கு நீதிமன்றமும் போலீசும் ஒட்டி இருந்தன. நகைக்கடைகளோ பெரும்பாலும் வேறு பேட்டைகளுக்கு நகர்ந்துவிட்டிருந்தன. கரையின் பெயர் ஒரு தலைமுறைக் காலம் வெறும் இடுகுறிப்பெயராகக் கிடந்து, புதுக் குடித்தனக்காரரால் மீண்டும் பொருள் பெற்றது.

ஆனால் அலுவலகம் வந்துவிட்டால் மட்டும் ஆகுபெயர் பிறந்துவிடாது. யாராவது அதைப் பேச்சில் புழங்கவிட வேண்டும். அதைச் செய்தவர்கள் செய்தித்தாள்காரர்களும் நாவலாசிரியர்களும். 1931இல் ஜார்ஜ் சிமெனோன் மெக்ரே என்ற போலீஸ் அதிகாரி வரும் நாவல் வரிசையைத் தொடங்கினார். குழாய் புகைக்கும், அடுப்பைக் கிளறும், சன்னல் வழியே சேன் ஆற்றைப் பார்த்தபடி யோசிக்கும் அந்தப் பருத்த அதிகாரியின் அறை இந்தக் கரையில்தான் இருந்தது. நாவல் நாவலாகப் படித்தவர்களுக்குக் கரையின் பெயரும் அவர் பெயரும் பிரிக்க முடியாதபடி கலந்தன. சிமெனோன் பிரெஞ்சுக்காரர் அல்லர். பெல்ஜியத்தின் லியேழ் நகரத்துக்காரர். க்ளூஸோவின் படத்துக்கு மூலக்கதை எழுதிய ஸ்தானிஸ்லாஸ்-ஆந்த்ரே ஸ்தீமானும் அதே லியேழில் பிறந்தவர். பாரிஸ் கரைக்குப் புகழ் தந்ததில் அந்த ஒரே ஊருக்கு இத்தனை பங்கு இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

ஸ்தீமானின் நாவலுக்கு 1942இல் அவர் வைத்த பெயர் வேறு: ‘சட்டப்படியான தற்காப்பு’. நீதிமன்றச் சொல். க்ளூஸோவுக்கு ஸ்தீமான் புதியவர் அல்லர். அவருடைய ‘கொலையாளி 21இல் வசிக்கிறான்’ கதையைத்தான் 1942இல் தன் முதல் முழுநீளப் படமாக எடுத்திருந்தார். லண்டனில் நடக்கும் கதையைப் பாரிஸின் மோன்மார்த்ருக்குப் பெயர்த்தார். அந்தத் தலைப்பிலேயே ஒரு கதவிலக்கம் இருப்பதைக் கவனியுங்கள்.

இரண்டு படங்களுக்கும் இடையில் வந்தது 1943இன் ‘காக்கை’. ஒரு சிற்றூரை மொட்டைக் கடிதங்கள் அலைக்கழிக்கும் கதை. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் ‘காக்கை’ என்று கையெழுத்து. ஜெர்மானியர் நடத்திய நிறுவனத்துக்காக எடுத்தது என்பதாலும், பிரெஞ்சு மக்களை இழிவாகக் காட்டியது என்ற குற்றச்சாட்டாலும், ஜெர்மானிய ஆக்கிரமிப்பிலிருந்து பிரான்ஸ் விடுதலை பெற்ற பின் க்ளூஸோ படம் எடுக்கக் கூடாது என்று தடை விதித்தார்கள். முதலில் வாழ்நாள் தடை. பிறகு இரண்டு ஆண்டாகக் குறைந்தது. ஆனால் மொழி அவரைத் தடை செய்யவில்லை. மொட்டைக் கடிதம் எழுதுகிறவரைப் பிரெஞ்சில் இன்றும் ‘காக்கை’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பொருளை நிலைநிறுத்தியது அந்தப் படம். ஒரு சொல்லை மக்கள் நாவில் ஏற்றிவிடும் கை அவருக்கு இருந்தது.

தடை நீங்கியதும் வந்த படம்தான் நம்முடையது. நாவல் அப்போது கடைகளில் கிடைக்கவில்லை. ஆசிரியரிடம் ஒரு பிரதி கேட்டு எழுதிவிட்டு, அது வந்து சேரும் முன்பே க்ளூஸோவும் ழான் ஃபெரியும் நினைவிலிருந்து திரைக்கதையை எழுதத் தொடங்கிவிட்டார்கள். எழுதி முடித்தபோது கொலையாளியே மாறிவிட்டான். ஸ்தீமானுக்கு இதில் மனக்குறை. கொலையாளி மாறியதால் ‘தற்காப்பு’ என்ற சட்டச்சொல்லுக்குப் படத்தில் வேலை இல்லாமல் போயிற்று. செயலின் பெயர் போய், இடத்தின் பெயர் வந்தது. பின்னாளில் அந்த நாவலே ‘கே தெ ஸோர்ஃபெவ்ர்’ என்ற பெயரில் மறுபதிப்பு கண்டது. மூலம் தன் வழிநூலின் பெயரைச் சூடிக்கொண்டது.

1946 டிசம்பர் குளிரில் கதை நடக்கிறது. ஜெனி லமூர் கேளிக்கை அரங்கில் பாடி மேலே வரத் துடிப்பவள். ‘லமூர்’ என்றால் காதல். மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர். பதிவேட்டில் அவள் பெயர் மார்கரித் ஷோஃபூர்னியே. ‘ஷோஃபூர்னியே’ என்பதும் தொழிலால் வந்த குடும்பப் பெயர்: சுண்ணாம்புக் காளவாய்க்காரர். காளவாய்ப் புகையிலிருந்து கிளம்பி, காதல் என்று பெயர் மாற்றி, ஸ்த்ராஸ் கற்கள்போல மேடையில் ஜொலிக்கிறாள். போலிக்கல் என்று நான் இதைக் குறைத்துச் சொல்லவில்லை. சூஸி தெலேர் அந்தப் பாத்திரத்துக்குக் கொடுக்கும் உயிரைப் பார்த்தால், அந்த ஒளி உழைத்துப் பட்டை தீட்டியது என்று தெரியும். மனைவிமேல் சந்தேகத்தில் வேகும் கணவன் மோரிஸ் மர்த்தினோவாகப் பெர்னார் ப்ளியே. ஜெனிமீது சொல்லாத காதல் கொண்ட புகைப்படக்காரி தோராவாக சிமோன் ரெனான்.

இவர்களுக்கு நடுவே இன்ஸ்பெக்டர் ஆந்துவான். லூயி ழுவே பிரெஞ்சு நாடக மேடையின் மாபெரும் ஆசான்களுள் ஒருவர். இங்கே அவர் பழைய கோட்டும் கம்பளிக் கழுத்துத்துணியுமாக வருகிறார். குடியேற்ற நாடுகளில் படையில் இருந்தவர். அங்கிருந்து அழைத்துவந்த கறுப்பினக் கலப்பு மகனைத் தனியாளாக வளர்க்கிறார். வடிவியல் தேர்வில் மகன் தேறுவானா என்ற கவலை, கொலையாளி யார் என்ற கவலைக்குக் குறையாமல் அவரை அரிக்கிறது. கொலையுண்ட கிழவர் பிரிஞ்ஞோனாக வருபவர் ஷார்ல் துலான். ழுவேயோடு சேர்ந்து பிரெஞ்சு நாடகத்தைப் புதுப்பித்த நால்வரில் ஒருவர்.

க்ளூஸோ உண்மையான 36ஆம் எண்ணுக்குப் போய் அங்கே வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தார். பிறகு மாக்ஸ் துய் அமைத்த அரங்குகளில் அதை எழுப்பினார். ஓயாத தட்டச்சுச் சத்தம், நடைபாதையில் காத்துக் கிடக்கும் நிருபர்கள், சம்பளத்துக்கும் தூக்கத்துக்கும் ஏங்கும் மனிதர்கள். இங்கேதான் பெயரின் பழைய பொருள் எனக்கு மேலெழுந்து தெரிகிறது. இந்தப் படம் குற்றத்தைவிடத் தொழிலைப் பற்றி அதிகம் பேசுகிறது. ஜெனி ஒரு பாட்டை ஒத்திகையிலிருந்து மேடைவரை கொண்டுபோவதை ஒரே தொடர்ச்சியாகக் காட்டுகிறார் க்ளூஸோ. தோரா விளக்கைத் திருப்பி நிழலைச் சரிசெய்கிறாள். மோரிஸின் விரல்கள் பியானோவில். ஆந்துவான் பொய்களை ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கிறார். அவசரம் இல்லை, ஆவேசம் இல்லை, கைப்பழக்கம் மட்டும். மனிதர்களின் பொய்க்குள் இருக்கும் அன்பையும் அவர் கண்டுகொள்கிறார். தோராவைப் பார்த்து, பெண்கள் விஷயத்தில் நம் இருவருக்கும் யோகமில்லை என்ற பொருளில் அவர் சொல்லும் இடம், 1947இல் எந்தத் திரையிலும் எதிர்பார்க்க முடியாத கனிவு. இந்த மனிதரைத்தான் மோலியேருக்குப் பின்வந்த பிரெஞ்சு ‘ஓர்ஃபெவ்ர்’ என்று சொல்லும்.

அந்த ஆண்டு வெனிஸ் விழாவில் க்ளூஸோவுக்கு இயக்கத்துக்கான பரிசு கிடைத்தது. பிரான்சில் சுமார் 55 லட்சம் பேர் படத்தைப் பார்த்தார்கள். அமெரிக்காவுக்குப் போனபோது பெயரை மாற்றி ‘ஜெனி லமூர்’ என்று வெளியிட்டார்கள். கரையின் பெயர் அங்கே யாருக்கும் எதையும் சொல்லாது என்ற கணக்கு சரிதான். ஆகுபெயர் கடல் கடக்காது. அதைப் புரிந்துகொள்ள அந்த ஊரில் வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது மெக்ரேவைப் படித்திருக்க வேண்டும். ஆனால் அந்த மாற்றத்தால் படம் ஒரு பெண்ணின் கதையாகச் சுருங்கிவிட்டது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

பிரான்சிலோ பெயர் மேலும் மேலும் சுருங்கி, கடைசியில் எண்ணாகவே நின்றது. ‘36’ என்றால் போதும். ஏற்கெனவே அந்த எண்ணுக்குப் பிரெஞ்சில் ஒரு தனி வாழ்வு உண்டு. தலையில் அடிபட்டுப் பொறி கலங்கினால் ‘36 மெழுகுவர்த்தி’ தெரியும். நடக்கவே நடக்காத நாள் ‘மாதத்தின் 36ஆம் தேதி’. அந்த எண்ணோடு இப்போது 148 படிகள் கொண்ட ஒரு மாடிப்படியும் சேர்ந்துகொண்டது. கொலையாளிகளும் சாட்சிகளும் ஏறிய அந்தப் படிகளின் எண்ணிக்கை பாரிஸ் நிருபர்களுக்கு மனப்பாடம். 2004இல் ஒலிவியே மர்ஷால் எடுத்த போலீஸ் படத்துக்குத் தலைப்பு முழு முகவரியேதான்: ‘36, கே தெ ஸோர்ஃபெவ்ர்’.

2017இல் புலனாய்வுப் பிரிவு தீவை விட்டு நகரின் வடமேற்கே பத்தினோல் பகுதியில் கட்டிய புதுக் கட்டடத்துக்குப் போனது. கரையைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது, எண்ணை எடுத்துப்போனார்கள். புதிய முகவரிக்கும் வேண்டுமென்றே 36 என்ற இலக்கத்தைக் கொடுத்தார்கள்: 36, பஸ்தியோன் தெரு. பஸ்தியோன் என்பது கோட்டைக் கொத்தளம். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸைச் சுற்றிக் கட்டிய மதிலின் கொத்தளம் ஒன்று அங்கே இருந்த நினைவு அது. பஸ்தீய் சிறைக்குப் பெயர் தந்த அதே வேரிலிருந்து வந்த சொல். மதில் இடிந்து பல காலம் ஆகிறது. காரணம் மறைந்த இன்னொரு காரணப்பெயருக்குள் போலீஸ் குடிபுகுந்திருக்கிறது. செய்தியாளர்கள் இப்போதே ‘பஸ்தியோன்’ என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் 1946இல், க்ளூஸோவின் படத்துக்கு ஓராண்டு முன்பு, வெளிவராத துப்பறியும் நாவலின் கையெழுத்துப் பிரதிக்கென நிறுவப்பட்ட விருது மட்டும் பழைய பெயரை விடவில்லை. புலனாய்வு இயக்குநர் தலைமையில் நடுவர் குழு கூடி, ஆண்டுதோறும் ஒரு நாவலைத் தேர்ந்தெடுத்து, அதற்கு இன்றும் ‘கே தெ ஸோர்ஃபெவ்ர் பரிசு’ என்ற பெயரிலேயே விருதை வழங்குகிறது.